எதிர்ச்சுற்று

ஆவுடையப்பன்தான் முதலில் எனக்குத் துரோகம் செய்தவன். இந்த வரிசை மாறக்கூடாது. அவனுக்குப் பிறகுதான் என் மகள் வல்லி, வல்லிக்குப் பிறகு டாக்டரம்மா, டாக்டரம்மாவுக்குப் பிறகு வல்லி கட்டிவிட்டு என் இடது மணிக்கட்டில் உட்கார்ந்திருக்கிற இந்தக் கறுப்பு வாட்ச். அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இவர்கள் யாருக்கும் என் நெஞ்சுக்குள் எட்டிப் பார்க்க வழி கிடைத்திருக்காது. காவல்காரர் பூங்காக் கதவைத் திறக்கும்போது இன்றைக்கும் அவன் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தான். நான் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும், முழங்காலில் தேய்க்கிற தைலத்தின் வாடை, வெள்ளைச் சட்டை, தொண்டையில் எதுவுமே இல்லாமல் செருமுகிற அந்தச் செருமல். எல்லோரும் கோயிலை வலம் வருகிற மாதிரி நடக்கிற பக்கம் அவன் திரும்பினான். நான் எதிர்ப்பக்கம் திரும்பி, வாட்சில் நடக்கிற மனிதன் படத்தைத் தொட்டேன். அது மணிக்கட்டில் ஒரு அதிர்வு அதிர்ந்துவிட்டு எண்ணத் தொடங்கியது. எண்ணட்டும். இன்றைக்கு ஒரு நாள் ஒழுங்காக எண்ணினால் போதும். ராத்திரி வல்லி ஓசூரில் பஸ் ஏறுகிறாள், நாளைக் காலையில் வந்துவிடுவாள், வந்ததும் என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போவாள். கடந்த மாதம் முழுவதும் இந்த வாட்ச் போட்டு வைத்திருக்கிற நெஞ்சுத் துடிப்புக் கோட்டை டாக்டரம்மா பார்ப்பார்கள். கோடு சரியாக இருந்தால் நான் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் வீட்டைக் காலி செய்துவிட்டு ஓசூர். அவ்வளவுதான். ஒரு மனிதன் எங்கே இருந்து சாக வேண்டும் என்பதை ஒரு கோடு சொல்லப்போகிறது, அந்தக் கோட்டைத் தொடங்கி வைத்தவன் அந்தப் பக்கம் தைல வாடையோடு போய்க்கொண்டிருக்கிறான்.

சாரல் காற்று அடிக்கிறது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்றால் இங்கே பாளையங்கோட்டையில் காற்றிலேயே தெரிந்துவிடும், வெயில் இருந்தாலும் தோல் குளிரும். தரைக்கல் நனைந்திருக்கிறது, பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும், வழுக்கி விழுந்தால் அதையும் இது வல்லிக்குச் சொல்லிவிடும். அன்றைக்கு நான் விழவில்லை. அதை எத்தனை தடவை சொல்லியாயிற்று. உட்கார்ந்தேன், அவ்வளவுதான். பங்குனி வெயில், காலையிலேயே புழுக்கம், வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்ததும் கண்ணுக்கு முன்னால் மரம் ஒருமாதிரி சாய்ந்தது, வேர்வை கொட்டியது, யாரோ என் நெஞ்சில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே மறந்து போய்விட்ட மாதிரி இருந்தது. ஆவுடையப்பன் பேப்பரை மடித்து விசிறினான். சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டான். மூட்டை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மூச்சு வந்ததும் நான் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "யாருட்டயும் சொல்லக்கூடாது வே." "சரி வே." "சரின்னா பத்தாது. கையில அடியும்." அடித்தான். உள்ளங்கையில் உள்ளங்கையை வைத்து அடித்தான், இரண்டு பேர் கையும் ஈரமாக இருந்தது, சத்தம்கூடச் சரியாக வரவில்லை. மறுநாள் காலையில் வல்லி வீட்டு வாசலில் பையோடு நிற்கிறாள். கண் வீங்கியிருக்கிறது. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்திருக்கிறாள்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். பயந்து போய்ச் சொல்லியிருப்பான், சரி. அன்றைக்குச் சாயங்காலம் அவன் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "நானா? நான் எதுக்கு வே சொல்லுதேன்? உம்ம பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருப்பா." கண்ணைப் பார்த்துச் சொன்னான். நான் நம்பினேன். பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஒரு வாரம் பேசவில்லை, பாவம், அவள் என்ன செய்தாள். பிறகு ஒருநாள் வல்லி போனில் பேசிக்கொண்டிருக்கும்போது தானாகவே சொல்கிறாள், "எப்பா, அன்னைக்கு ஆவுடை மாமா மட்டும் போன் பண்ணலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது." எனக்கு வேர்த்தது. மறுநாள் பூங்காவில் எல்லோருக்கும் முன்னால் கேட்டேன். கையில் அடித்தீரே வே, அடித்துவிட்டுச் சொன்னீரே, சொல்லிவிட்டு இல்லை என்றீரே. அவன் சிரித்தான். "சத்தியம் பெருசா, உசுரு பெருசா வே? உசுரோட நிக்கீருல்லா? பொறவு என்ன?" சிரிப்புப் பயிற்சிக்கு வருகிற கூட்டம் பக்கத்தில் நின்றது. எந்தப் பயிற்சியும் இல்லாமல் அன்றைக்கு நன்றாகச் சிரித்தார்கள். நான் கேட்டது என்ன, பெரிய கேள்வியா. "சொன்னது தப்புதான் வே, சொல்லிட்டு இல்லேன்னது அதைவிடத் தப்பு." இவ்வளவுதான் அவன் சொல்ல வேண்டியது. மின்சார ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு, ஊரில் இருக்கிற அத்தனை பேரிடமும் வாய் ஓயாமல் பேசுகிறவனுக்கு, இந்த இரண்டு வரி வாயில் வரவில்லை.

அன்றைக்குத் திரும்பினவன்தான் நான், இந்தப் பக்கம். அவனோடு சேர்ந்து நடக்கக்கூடாது, அவன் முதுகைப் பார்த்துக்கொண்டும் நடக்கக்கூடாது, அவனைத் தாண்டிப் போகும்போது தோள் உரசக்கூடாது என்று யோசித்து, எதிர்ச்சுற்றாக நடக்க ஆரம்பித்தேன். கோபத்தில் எடுத்த முடிவு. வட்டமான பாதையில் ஒருவன் இப்படியும் ஒருவன் அப்படியும் போனால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முகத்துக்கு முகம் பார்த்தாக வேண்டும் என்பது முதல் சுற்று முடிவதற்குள் தெரிந்துவிட்டது. லாரி ஓட்டினவன், இதுகூடத் தெரியாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் திரும்பினவன் மறுபடி திரும்பினால் என்ன ஆகும், அவன் ஜெயித்தது மாதிரி ஆகும். பூக்கடைப் பேச்சியப்பனுக்கு ஒரே கொண்டாட்டம். "அண்ணாச்சி, இடம் சுத்துதியளே, யாருக்குக் கொள்ளி வைக்கப் போறிய?" சுடுகாட்டில்தான் இடமாகச் சுற்றுவார்கள். என் வீட்டுக்காரி கோமதியைச் சுற்றும்போது நான் அப்படித்தான் சுற்றினேன், தோளில் பானை, பின்னாலேயே ஆவுடையப்பன், வழி தவறிவிடுவேனோ என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். அதை நினைக்கக்கூடாது. நினைத்தால் கோபம் இளகும். பேச்சியப்பனிடம், "எவனுக்கு வைக்கணுமோ அவனுக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அந்த மாதம் முழுக்க ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை. குழாயடியில் ஒரு தடவை, கதவுப் பக்கம் ஒரு தடவை. அவன் தூரத்தில் வருவது தெரிந்ததும் நெஞ்சு தூக்கிப் போடும். திட்டலாமா, துப்பலாமா, அவன் இன்றைக்காவது வாயைத் திறப்பானா, திறந்தால் நான் நிற்பதா போவதா. அதற்குள் தாண்டிவிடுவோம்.

அந்த நெஞ்சுத் தூக்கல் எல்லாவற்றையும் வாட்ச் எழுதிவிட்டது. போன தடவை டாக்டரம்மா வல்லியின் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ரம்பத்தின் பல் மாதிரி இருந்தது, ஒரே அளவில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி. நல்ல டாக்டர், சின்ன வயது, எரிந்து விழமாட்டார்கள். "நடக்கும்போது மட்டும் சொல்லி வெச்ச மாதிரி ஏறுதே. உங்க பூங்காவுல மேடு ஏதாவது இருக்காய்யா?" என்று கேட்டார்கள். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மாநகராட்சிக்காரன் மட்டப்பலகை வைத்துக் கல் பதித்த தரை. ஆவுடையப்பன் வருகிறான் அம்மா, அவன் முகத்தைப் பார்த்தால் ஏறுகிறது, என்று சொல்ல முடியுமா. எழுபது வயதில். மகளுக்கு முன்னால். "ஆமா, ரெண்டு இடத்துல மேடு இருக்கு" என்றேன். டாக்டரம்மா தலையாட்டினார்கள். மேட்டில் ஏறக்கூடாது என்றார்கள், சமதரையில் நடக்கச் சொன்னார்கள், ஒரு மாத்திரையைப் பாதியிலிருந்து முழுசாக்கினார்கள். வல்லி அங்கேயே பிடித்துக்கொண்டாள். "எங்க அபார்ட்மென்டுல சமதரையா நடக்க இடம் இருக்கு டாக்டர். அப்பா தனியா இருக்கதுதான் எனக்குப் பயமா இருக்கு." ஒரு மாதம் பார்ப்போம் என்று டாக்டரம்மா தவணை கொடுத்தார்கள். இல்லாத மேட்டை நானே கட்டி, அதில் நானே ஏறி மாட்டிக்கொண்டேன். இதற்கும் அவன்தான் காரணம்.

ஓசூர் எனக்குத் தெரியாத ஊர் இல்லை. கோமதி போன புதிதில் ஒரு மாதம் அங்கே இருந்தேன். வல்லியும் மருமகனும் காலையில் போனால் இருட்டித்தான் வருவார்கள். கீழே டிரான்ஸ்பார்மரைச் சுற்றி ஒரு பாதை, அதில் நாலைந்து பேர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு நடப்பார்கள். என்னை எல்லோரும் அங்கிள் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஒரு மாதம் முழுக்க ஒருவன்கூட என்னை 'வே' என்று கூப்பிடவில்லை. அந்த ஒரு எழுத்துக்கு அப்படி ஒரு ஏக்கம் வரும் என்று நான் எண்ணியதே இல்லை. ஊருக்குத் திரும்பி வந்த அன்று பூங்காக் கதவில் ஆவுடையப்பன், "என்ன வே, பெங்களூர் குளிர்ல வெளுத்துட்டீரு?" என்று கேட்டான். "ஓசூர் வே, பெங்களூர் இல்ல" என்றேன். "எல்லாம் ஒண்ணுதான், குளிருதா இல்லியா" என்றான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஊர்ப்பெயர் பலகை படிப்பேன், பேப்பரை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் மறுநாள் பேப்பர் வந்துவிடும். அவன் படித்தால் படிப்பது மாதிரி இருக்காது. மந்திரி பேசினது என்றால் மந்திரி குரலில், எதிர்க்கட்சி என்றால் இன்னொரு குரலில். கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "இவரு நம்மளவிடச் சின்னவரு வே, அவசரப்பட்டுட்டாரு" என்பான். இப்போது நானே பேப்பர் வாங்குகிறேன். தலைப்பைப் படிக்கிறேன். உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று யாரையும் கேட்பதில்லை. மடித்து வைத்துவிடுகிறேன், மாதக் கடைசியில் பழைய பேப்பர்க்காரர் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, பிரிக்கவே இல்லை போல, புதுசா இருக்கு" என்கிறார்.

குழாயடி வந்துவிட்டது. யாரோ திறந்து மூடாமல் போயிருக்கிறார்கள், சொட்டுகிறது. மூடினேன். முன்பெல்லாம் இங்கேதான் எதிரில் வருவான், கதவிலிருந்து இரண்டு பேரும் ஒரே நேரம் கிளம்பினால் பாதிச் சுற்றில் இந்தக் குழாய். அப்புறம் ஆனி வாக்கில் குழாயைத் தாண்டி விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் எதிர்ப்பட்டான். பிறகு சறுக்கு மரத்துப் பக்கம். நேற்று சறுக்கு மரத்தையும் தாண்டி, வேப்பமரத்தடிப் பெஞ்சுக்குப் பக்கத்தில். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. என் நடை கூடிக்கொண்டு வருகிறது, அவன் பாதியையும் சேர்த்து நான் நடக்கிறேன், பார்க்கட்டும். வல்லியும் அதையேதான் சொன்னாள். வாரா வாரம் போனில் கோட்டைப் பார்த்துவிட்டுச் சொல்வாள். "எப்பா, ஏறுறது குறைஞ்சிட்டே வருது. முதல்ல நெருக்கி நெருக்கி இருந்துச்சு, இப்ப தள்ளித் தள்ளி இருக்கு. மாத்திரை கேக்குதுன்னு நினைக்கேன். இப்படியே போனா டாக்டர் அங்கேயே இருக்கச் சொல்லிருவாங்க." நான் சந்தோஷப்பட்டேன். அன்றைக்கு இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன். மாத்திரை கேட்கிறது. நெஞ்சு தேறுகிறது. நான் இங்கேயே இருப்பேன். சறுக்கு மரத்தைத் தாண்டியாயிற்று. அவனைக் காணோம்.

வாட்ச்சைப் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும். நேற்று நடந்ததைவிட இன்றைக்கு நான் வேகமாக நடக்கவில்லை. நேற்றும் முந்தாநாளைவிட வேகமாக நடக்கவில்லை. போன மாதம் என்ன எண்ணோ அதேதான். ஒரு நாளும் கூடவில்லை. அப்படியானால். வேப்பமரத்தடி வந்தது, பெஞ்ச் காலியாக இருந்தது, ஒரு காக்கை மட்டும் உட்கார்ந்திருந்தது. லோடு ஏற்றிய லாரியும் காலி லாரியும் எதிரெதிரே கிளம்பினால் எங்கே சந்திக்கும். லோடு ஏறிய வண்டி இருக்கிற பக்கத்தில்தானே. நான் கூடவில்லை, அவன் குறைந்திருக்கிறான். கம்பத்துக்குத் தள்ளி, சறுக்கு மரத்துக்குத் தள்ளி, பெஞ்சுக்குத் தள்ளி, ஒவ்வொரு வாரமும் அவன் நடை அவன் பக்கமாகவே சுருங்கிக்கொண்டு வந்திருக்கிறது, அதைத்தான் நான் என் நெஞ்சு தேறுகிறது என்று நினைத்துத் தோசை சாப்பிட்டேன். வல்லியின் போனில் கோடு ஏறி நிற்கிற முட்டுகள் தள்ளித் தள்ளிப் போனது மாத்திரையால் இல்லை. அவன் வந்து சேர நேரம் ஆனதால். அவன் மகன் அதே வீட்டில் மாடியில் இருக்கிறான், இறங்கி வந்து பார்க்கிற ஆள் இல்லை. அவன் கையில் யாரும் வாட்ச் கட்டவில்லை. அவன் நடை தேய்வது இந்த உலகத்தில் என் மணிக்கட்டில் மட்டும்தான் தெரிந்திருக்கிறது, அதுவும் எனக்கு நல்ல செய்தியாக. அவன் வராமலே போனால் என் கோடு பாய் விரித்த மாதிரி சமமாக இருக்கும். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, இங்கேயே இருங்கய்யா, என்று சொல்லிவிடுவார்கள். இங்கே எங்கே. எந்த இங்கே.

எனக்குக் கால் தானாக ஓடியது. ஓடக்கூடாது, வழுக்கும், மேட்டில் ஏறக்கூடாது, எல்லாம் தெரிகிறது. பூவரச மரம், குப்பைத்தொட்டி, சிரிப்புக் கூட்டம் இரண்டு கையையும் தூக்கி ஹோ ஹோ என்கிறது. நடுவில் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது, அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. எங்கேயாவது விழுந்து கிடக்கிறானா. வீட்டுக்குப் போயிருப்பான். செருமிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பான், நான் இங்கே கிறுக்கன் மாதிரி ஓடுகிறேன். மணிக்கட்டில் வாட்ச் அதிர்ந்தது, ஒரு தடவை, இரண்டு தடவை, சிவப்பாக என்னவோ காட்டியது. காட்டட்டும். மணிக்கட்டை வேட்டியில் மறைத்துக்கொண்டேன், அப்படி மறைத்தால் அதற்குத் தெரியாது என்கிற மாதிரி. வளைவு திரும்பியதும் பார்த்தேன். கதவிலிருந்து கொஞ்ச தூரத்தில், சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இவ்வளவு நேரத்தில் அவன் நடந்தது அவ்வளவுதான். நிழலில் ஓய்வெடுக்கிறவன் மாதிரி ஒரு காலைச் சாய்த்து நிற்கிறான். நடிப்பு. அவன் காலைப் பார்த்தேன். கான்வாஸ் ஷூ இல்லை. ரப்பர் செருப்பு, அதன் வார் புறங்காலில் அழுந்திப் புதைந்திருக்கிறது, பாதம் இட்லி மாவு பொங்கின மாதிரி. எத்தனை நாளாகச் செருப்பில் வருகிறான். தினமும் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டு தாண்டினேனே, அப்போது நான் பார்த்தது அவன் காலைத்தானே.

நின்றேன். அவனும் பார்த்தான். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. பேசுவதா என்று நான் முடிவு செய்வதற்குள் சட்டைப் பையில் போன் அடித்தது. வல்லி. "எப்பா! என்னப்பா ஆச்சு? நெஞ்சுத் துடிப்பு ஏறிப் போச்சுன்னு எனக்கு இங்க அடிக்குது. உக்காந்துட்டியளா? மயக்கமா வருதா?" "ஒண்ணுமில்ல தாயி. கொஞ்சம் வேகமா நடந்தேன்." "வேகமா நடக்காதியன்னு எத்தனை தடவ சொல்லுதேன்? போன வாரம் வரைக்கும் எவ்வளவு நல்லா இருந்துச்சு. நாளைக்கு டாக்டர் இதைப் பாத்தா என்ன சொல்வாங்க? இதுக்குத்தான் சொல்லுதேன், இனிமே அங்க தனியா வேண்டாம்பா..." அவள் குரல் உடைகிறது. ஏதாவது சொல்ல வேண்டும். வாட்ச் கழன்றுவிட்டது என்று சொல்லலாம். நாய் துரத்தியது என்று சொல்லலாம். மேடு கட்டினவனுக்கு நாய் பெரிதா. ஆவுடையப்பன் கம்பியைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "வல்லி, பூங்காவுல மேடெல்லாம் கிடையாது" என்றேன். "என்னப்பா?" "மேடு இல்ல. நான் சும்மா சொன்னேன். உன் ஆவுடை மாமா எதிர்ல வரும்போதெல்லாம் எனக்கு ஏறும். அதான் அந்த முட்டு. அது குறைஞ்சது மாத்திரையால இல்ல, அவன் நடக்க முடியாம நின்னுட்டான். காலு வீங்கிக் கெடக்கு, நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது. இங்கதான் நிக்கான். நாளைக்கு டாக்டரம்மாட்ட ரெண்டு பேருக்கு டோக்கன் சொல்லிரு." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "சரிப்பா. ரெண்டு டோக்கன் போடுதேன். ஆனா நீங்க ஓசூர் வாறதப் பத்தி நாளைக்குப் பேசணும்பா. அதை விட்டுர மாட்டேன்." வைத்துவிட்டாள்.

"யாரைக் கேட்டு வே சொன்னீரு?" ஆவுடையப்பன் முகம் கறுத்துவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசின முதல் பேச்சு அதுதான். "எவனுக்கு வே மூச்சு வாங்குது? காலுல கொசு கடிச்சிருக்கு. உம்ம மககிட்ட எதுக்குச் சொன்னீரு? அவ எங்க வீட்டுக்குப் போன் போடுவா, என் மகன் மாடியிலருந்து இறங்கி வந்து தையத்தக்கான்னு குதிப்பான்." "குதிக்கட்டும்." "நான் உம்மளச் சொல்லச் சொன்னனா?" "சொல்லச் சொல்லல. ஆனா உம்ம முன்னால நின்னு சொன்னேன். உம்ம காது கேக்கச் சொன்னேன். நாளைக்கு நீரு கேட்டா நான் சொல்லலைன்னு சொல்ல மாட்டேன்." அவன் வாயைத் திறந்தான். இதோ வருகிறது என்று நினைத்தேன். எனக்குக் காது, கழுத்து, முழங்கால் எல்லாம் அந்த வாய்க்காகக் காத்திருந்தன. மூடிக்கொண்டான். கம்பியை விட்டுவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பி நடந்தான். அவன் திரும்பினதால் அது என் திசையாக ஆகிவிட்டது. நான் அவனுக்கு ஒரு அடி பின்னால் நடந்தேன். இவ்வளவு மெதுவாக நடந்தால் நடப்பதா நிற்பதா என்று காலுக்கே குழப்பமாக இருந்தது. செருப்பு தரைக்கல்லில் இழுபடுகிற சத்தம். முழங்கையைப் பிடிக்கலாம். பிடித்தால் இளகிவிட்டதாக அர்த்தம். கையை அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே, தொடாமல் வைத்துக்கொண்டு நடந்தேன்.

வாட்ச் மறுபடி அதிர்ந்தது, இரண்டு வரி இங்கிலீஷ், கீழே இரண்டு பொத்தான். அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் மணிக்கட்டை எட்டிப் பார்த்தான், பழக்கம் போகுமா. "நடந்து முடிச்சாச்சான்னு கேக்கு வே." "இல்லேன்னு அமுக்கும்." அவன் விரலாலேயே அமுக்கினான். விரல் நுனி குளிர்ந்திருந்தது. இன்னும் நாலடி. சிரிப்புக் கூட்டம் கலைந்து எங்களைத் தாண்டிப் போனது. பேச்சியப்பன் பார்த்துவிட்டு என்னவோ சொல்ல வந்தவன் சொல்லாமலே போனான். கதவுக்குப் பக்கத்தில் அருகம்புல் சாறு விற்கிற பெண் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். தொண்டையைச் செருமினான். என் பக்கம் திரும்பினான், ஆனால் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் எங்கேயோ பார்த்தான். சொல்லு. இரண்டு வரிதான். யாரும் இல்லை, அந்தப் பெண்ணுக்கு நாம் பேசுவது கேட்காது, சத்தமில்லாமல் சொன்னாலும் எனக்குக் கேட்கும், வாய் அசைந்தாலே போதும், நான் கண்டுகொள்வேன்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வே?"

"பத்து மணிக்கு."

"வெறும் வயித்துல வரணுமா?"

"ரத்தம் எடுப்பாவ. வெறும் வயித்துலதான்."

யோசித்தான். நான் காத்துக்கொண்டு நின்றேன். சாரல் காற்றில் அவன் சட்டை உடம்போடு ஒட்டி, உள்ளே நெஞ்சு ஏறி இறங்குவது தெரிந்தது.

"கருப்பட்டிக் காப்பி மட்டும் ஒரு வாய் குடிக்கலாமா?"

"கூடாது" என்றேன்.

"சர்க்கரையே இல்லாம வே."

"அதுவும் கூடாது."

சரி என்பது மாதிரி தலையை ஆட்டிவிட்டு, கதவை விட்டுக் கையை எடுத்து, படி இறங்கக் காலை நீட்டினான். அந்த இரண்டு வரி இன்றைக்கும் வரவில்லை.